அம்மாவின் பொது அறிவு நோட்டு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், ரேஷன் கார்டுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ்களுக்கும் அடியில், பழுப்பு அட்டை போட்ட நோட்டு ஒன்று உண்டு. முதல் பக்கத்தில் "பொது அறிவு - விஞ்ஞானம், 1998" என்று சிவப்பு மையில் எழுதி, சுற்றிலும் ஒரு பூக்கொடி வரையப்பட்டிருக்கும். என் அம்மா பத்தாம் வகுப்பில் படித்தபோது எழுதிய நோட்டு அது. மொத்தம் 412 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் விடை. வினாடி வினாப் போட்டிக்காக எழுதத் தொடங்கியதாம். பிறகு அரசு வேலைக்கான தேர்வுக்கும் அதையே வைத்துப் படித்திருக்கிறார். வேலை கிடைக்கவில்லை. நோட்டு மட்டும் பத்திரமாக இருந்தது.

நான் எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வுக்குப் பெயர் கொடுத்தபோது, அம்மா அந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தார். இத்தேர்வைப் பற்றி அறியாத தோழியருக்காகச் சில வரிகள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் படிக்கும், வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் இதை எழுதலாம். மனத்திறனுக்கு 90 வினாக்கள், பாடங்களுக்கு 90 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுகளுக்கு 48,000 ரூபாய். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் அரம் பிடிக்கும் என் அப்பாவுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் நோட்டை மூன்று முறை மனப்பாடம் செய்தேன். நடுவில் எந்த எண்ணைக் கேட்டாலும் விடை சொல்வேன். தேர்வு முடிந்து சில மாதங்கள் கழித்துப் பட்டியல் வந்தது. என் பெயர் அதில் இல்லை.

அப்பா, "அடுத்த தேர்வு இருக்கிறது, சாப்பிடு" என்றார். அம்மா ஒன்றும் சொல்லாமல் நோட்டை மீண்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பட்டியலில் பெயர் இல்லாததைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுவாரம் விஞ்ஞானம் கற்பிக்கும் எங்கள் சிஸ்டர் என்னை அழைத்து, வினாத்தாளையும் அந்த நோட்டையும் கொண்டு வரச் சொன்னார்கள். மதிய இடைவேளையில் ஆய்வுக்கூட மேசையில் இரண்டையும் அருகருகே விரித்தோம். முழுவதும் பார்த்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின. விடையே தெரியாமல் நான் தவறவிட்ட வினாக்கள் சில. விடை தெரியும் என்று துணிந்து குறித்துத் தவறவிட்டவை அதைப் போல இரு மடங்கு! அந்த நான்கு நாட்களில் கற்றுக்கொண்டதைத்தான் இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். அம்மாவின் நோட்டில் 17-ஆவது வினா: "நீரின் கொதிநிலை என்ன?" விடை: "100 டிகிரி". தேர்வில் வந்த வினாவோ, உயரமான மலையில் நீர் எந்த வெப்பநிலையில் கொதிக்கும் என்பது. 100-க்கு மேல், 100-க்குக் கீழ், சரியாக 100, கொதிக்காது என்று நான்கு விடைகள். எனக்குத்தான் விடை தெரியுமே! சரியாக 100 என்று குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வினாவில் நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

சிஸ்டர் திருத்தவில்லை. "உனக்குக் கொடைக்கானலில் மாமா இருக்கிறார் அல்லவா?" என்று மட்டும் கேட்டார்கள். மே மாத விடுமுறையில் நான் புறப்பட்டபோது, ஆய்வுக்கூட வெப்பமானி ஒன்றைப் பஞ்சில் சுற்றிப் பென்சில் டப்பாவில் வைத்துக் கொடுத்தார்கள். உடைந்தால் உள்ளே இருக்கும் பாதரசத்தைக் கையால் தொடக்கூடாது என்று மூன்று முறை எச்சரித்தார்கள். பேருந்தில் அந்த டப்பாவை மடியிலிருந்து நான் இறக்கவே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் தங்கை வாந்தி எடுத்தபோதுகூட அவளைப் பிடிக்கும் முன் டப்பாவைத்தான் பிடித்தேன். அதற்காக அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

மாமா அங்கே தேநீர்க் கடை வைத்திருக்கிறார். காலையில் பாய்லரைப் பற்ற வைப்பதற்கு முன், தனியாக ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டோம். தளதளவென்று கொதித்தது. வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நூலில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பாதரசம் 90-ஐத் தாண்டியது. 93-க்குச் சற்றுக் கீழே நின்றது. மேலும் ஐந்து நிமிடம் எரித்தும் அசையவில்லை. வெப்பமானி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். திண்டுக்கல்லுக்கு வந்து ஆய்வுக்கூடத்தில் அதே வெப்பமானியால் பார்த்தபோது 99 காட்டியது.

காரணம் எளியது. நீர் கொதிக்க வேண்டுமானால், அதிலிருந்து எழும் ஆவியின் அழுத்தம் மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாக வேண்டும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நம் தலைக்கு மேலுள்ள காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, ஆகவே நீர் விரைவிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். எவரெஸ்ட் உச்சியில் சுமார் 70 டிகிரியிலேயே கொதிக்கும். பிரஷர் குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஆவியை உள்ளே அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் நீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பருப்பும் சீக்கிரம் வேகும். அத்தை, "இங்கே சாதம் வேக நேரமாகும்" என்று எத்தனையோ முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். வினாத்தாளைப் பார்த்தபோது அது எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. அத்தை சொல்வது சமையல், தேர்வில் வருவது விஞ்ஞானம் என்று மனத்தில் இரண்டு அறைகளைக் கட்டி வைத்திருந்தேன் போலும்.

"கடல் மட்டக் காற்றழுத்தத்தில்" என்ற மூன்று சொற்கள் அம்மாவின் நோட்டில் விடுபட்டிருந்தன. அந்த மூன்று சொற்களில்தான் வினாவே இருக்கிறது.

அடுத்து, சிஸ்டர் எனக்கு ஒரு புது நோட்டுக் கொடுத்து, "மாறாததைப் பேனாவால் எழுது, மாறக்கூடியதைப் பென்சிலால் எழுது, பக்கத்தில் ஆண்டைப் போடு" என்றார்கள். கேட்க விளையாட்டுப் போல இருந்தது. ஆனால் 412 வினாக்களையும் அப்படிப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் எத்தனை விடைகள் காலாவதியாகிவிட்டன என்று தெரிந்தது.

அம்மாவின் நோட்டில் இந்திய மாநிலங்கள் 25. அவர் எழுதிய 1998-இல் அது சரியே. 2000 நவம்பரில் சத்தீஸ்கர், உத்தராஞ்சல் (இன்றைய உத்தராகண்ட்), ஜார்க்கண்ட் மூன்றும் பிறந்து 28 ஆயின. 2014 ஜூனில் தெலங்கானா சேர்ந்து 29. 2019 அக்டோபர் 31-இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டதால் மீண்டும் 28. அன்று யூனியன் பிரதேசங்கள் 9 ஆயின. 2020 ஜனவரி 26-இல் தாத்ரா நகர் ஹவேலியும் டாமன் டையூவும் ஒன்றாக இணைந்ததால் 8. பழைய வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துப் படிக்கும் தோழியர் 29 என்று படிக்கிறார்கள். 28-க்கு இரண்டு பிறந்தநாள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நம் தமிழ்நாட்டு மாவட்டங்களும் அப்படியே. 32 என்று படித்தவர்கள் 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் பிறந்த ஆறு மாவட்டங்களையும் கூட்டி 38 என்று திருத்திக்கொள்ள வேண்டும்.

மக்கள்தொகையில் முதலிடம் சீனா என்பது 2023-இல் இந்தியா என்று மாறியது. உலகின் உயரமான கட்டடம் என்று அம்மா எழுதியிருந்தது கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரம். அதன் பிறகு தைபேயில் ஒன்று எழும்பி, 2010 முதல் துபாயின் 828 மீட்டர் புர்ஜ் கலீபா அந்த இடத்தில் இருக்கிறது. எவரெஸ்டின் உயரம்கூட 8,848 மீட்டரிலிருந்து 8,848.86 ஆகி இருக்கிறது. 2020-இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு இது.

கோள்கள் ஒன்பது என்பதை அம்மா பச்சை மையில் அடிக்கோடிட்டிருந்தார். 1930-இல் கண்டுபிடிக்கப்பட்ட புளூட்டோவை எழுபத்தாறு ஆண்டுகள் எல்லாரும் ஒன்பதாவது கோள் என்றே படித்தார்கள். 2005-இல் புளூட்டோவைப் போன்றே ஏரிஸ் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதையும் கோள் என்றால் நாளைக்கு இன்னும் எத்தனையோ வரும். எனவே 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம், கோள் என்றால் என்ன என்று வரையறுத்தது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பினாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையில் வேறு பெரிய பொருள்கள் இல்லாதபடி அதைத் தனதாக்கிக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தோற்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், நியூ ஹொரைசன்ஸ் என்ற விண்கலம் 2006 ஜனவரியில் புளூட்டோவை நோக்கிப் புறப்பட்டபோது அது கோள்; 2015 ஜூலையில் அருகே சென்றபோது அது குறுங்கோள். எட்டு என்ற எண்ணை மட்டும் படித்தால் ஒரு வினாவுக்கு விடை கிடைக்கும். மூன்று நிபந்தனைகளையும் படித்தால், "புளூட்டோ எதனால் கோள் அல்ல?" என்று வந்தாலும், "கீழ்க்கண்டவற்றுள் எது கோளுக்குரிய நிபந்தனை அன்று?" என்று வந்தாலும் கலங்க வேண்டியதில்லை.

சனியின் துணைக்கோள்கள் எத்தனை என்பதற்கு அம்மாவின் விடை 18. நான் பென்சிலால் 146 என்று எழுதி, பக்கத்தில் 2023 என்று போட்டேன். 2025 மார்ச்சில் இன்னும் 128 சேர்ந்து 274 ஆயின. ரப்பரால் அழித்து எழுதியபோது சிஸ்டர் சிரித்தார்கள். 2023-இன் தொடக்கத்தில் சில மாதங்கள் வியாழன் முந்தியிருந்ததையும் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட எண்களுக்காக நாம் உயிரை விட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் தேர்வுக்கு முந்தின வாரம் பென்சில் பக்கங்களை மட்டும் ஒரு முறை புரட்டிவிடுங்கள்.

பேனாவால் எழுதியவை என்னிடம் மிகுதி. தங்கத்தின் அணு எண் 79 என்றும் 79-தான். இராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928 பிப்ரவரி 28-இல்தான். பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1980-இல்தான். ஆனால் என்றைக்கும் மாறாது என்று நினைத்த ஒன்று மாறியதும் உண்டு. ஒரு கிலோகிராம் என்பது பாரிஸ் அருகே வைக்கப்பட்டுள்ள பிளாட்டினம் - இரிடியம் உருளையின் நிறை என்று அம்மா எழுதியிருந்தார். 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இப்போது பிளாங்க் மாறிலி என்ற எண்ணை வைத்தே கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. உருளையைத் தொட்டுத் துடைத்தாலே நிறை நுண்ணளவில் மாறக்கூடும், மாறிலி மாறாது.

இன்னொரு வகை விடைகள் உண்டு. அவை காலத்தால் மாறியவை அல்ல, எப்போதுமே தவறானவை! ஆனால் ஒரு புத்தகத்திலிருந்து மற்றொன்றுக்கு, ஒரு நோட்டிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்ந்துகொண்டே வருகின்றன. "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" என்று இந்த இதழைப் படிக்கும் பெற்றோரையே கேட்டுப் பாருங்கள். ஹாக்கி என்பார்கள். 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு சிறுமி எழுப்பிய கேள்விக்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அரசு அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் பதில் அளித்தது. பெரியவர்கள் எத்தனை ஆண்டுகள் அதை எழுதி மதிப்பெண் வாங்கினார்களோ! சந்திரனிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்பதும் அப்படித்தான். 2003-இல் விண்வெளிக்குச் சென்ற சீன வீரர் யாங் லிவெய், பூமிக்கு மிக அருகில் சுற்றியபோதே அது தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். நாக்கின் நுனியில்தான் இனிப்பு, அடியில்தான் கசப்பு என்ற படமும் அம்மாவின் நோட்டில் அழகாக வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. நானும் தங்கையும் பாகற்காய்ச் சாற்றை நாக்கின் நுனியில் மட்டும் தடவிப் பார்த்தோம். கசந்தது. அவ்வளவுதான். அந்தப் படத்தை அடிக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அருகில் சிறிய கேள்விக்குறி போட்டேன்.

அரைகுறை விடைகளும் ஆபத்தானவை. "எல்லாருக்கும் இரத்தம் கொடுக்கக்கூடிய வகை: ஓ" என்று இருந்தது. சரியான விடை ஓ நெகட்டிவ். ஓ பாசிட்டிவ் இரத்தச் சிவப்பணுக்களில் ஆர்.எச். காரணி இருப்பதால் நெகட்டிவ் வகையினருக்கு அது ஆகாது. இதைத் தேர்வில் தவறாக எழுதினால் ஒரு மதிப்பெண் போகும். மருத்துவமனையில் தவறினால் போவது வேறு.

இனிச் சில பயிற்சிகள். விடையைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் யோசியுங்கள்.

வினா: ஒளியாண்டு எதை அளக்கும்? காலம், தூரம், வேகம், ஒளியின் செறிவு.

'ஆண்டு' என்ற சொல்லைக் கண்டதும் காலம் என்று கை போகும். அதற்காகவே அதை முதலில் வைக்கிறார்கள். ஒளி ஓராண்டில் செல்லும் தூரமே ஒளியாண்டு. எவ்வளவு தூரம் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம், கணக்கிட்டுவிடலாம். ஒளி ஒரு விநாடியில் 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஓராண்டில் ஏறத்தாழ 3.15 கோடி விநாடிகள். பெருக்கினால் ஏறத்தாழ 9.45 லட்சம் கோடி கிலோமீட்டர். சூரியனுக்கு அடுத்து நமக்கு அருகிலுள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. 'நமக்கு மிக அருகிலுள்ள விண்மீன் எது?' என்று வினா வந்தால் மட்டும் விடை சூரியன்தான்.

வினா: 40 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றையும் 220 வோல்ட் மின்சாரத்தில் தொடரிணைப்பில் இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும்?

நம் வகுப்பில் முப்பது பேரிடம் கேட்டேன். இருபத்தேழு பேர் 100 வாட் என்றார்கள். பக்க இணைப்பில் அது சரி; வீட்டில் எல்லாமே பக்க இணைப்புத்தான். ஆனால் தொடரிணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம் பாயும். எனவே எதன் மின்தடை அதிகமோ அதுவே அதிகம் ஒளிரும். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் மின்தடை. 40 வாட் பல்புக்கு 48,400-ஐ 40-ஆல் வகுக்க 1,210 ஓம். 100 வாட் பல்புக்கு 484 ஓம். ஆகவே 40 வாட் பல்புதான் பளிச்சென்று எரியும். சிஸ்டர் ஆய்வுக்கூடத்தில் இணைத்துக் காட்டியபோது, சத்தியம் செய்து வாதாடிய தோழி ஒருத்தி, பல்பு மாற்றி மாட்டப்பட்டிருக்கிறது என்றாள்!

வினா: விளிம்பு வரை நீர் நிரம்பிய டம்ளரில் பனிக்கட்டி மிதக்கிறது. அது உருகினால் நீர் வழியுமா?

வழியாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்குகிறது. பனிக்கட்டி உருகி நீரானதும் விலக்கிய இடத்தையே சரியாக நிரப்பும். இதையே சற்று நீட்டினால், வட துருவத்தில் கடல்மேல் மிதக்கும் பனி உருகுவதால் கடல் மட்டம் நேரடியாக உயர்வதில்லை. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் இருக்கும் பனி உருகிக் கடலில் சேர்ந்தால்தான் உயரும். ஒரு டம்ளர் நீரிலிருந்து பூகோளப் பாடத்துக்கே போய்விட்டோம்.

வினா: மண்பானை நீர் கோடையில் குளிர்வதுபோல மழைக்காலத்தில் ஏன் குளிர்வதில்லை?

பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மழைக்காலக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி, ஆவியாதல் மந்தம். மின்விசிறியும் இப்படித்தான். அது அறையின் காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்குகிறது. யாரும் இல்லாத அறையில் மின்விசிறியை ஓடவிட்டால் அறை குளிராது. அதன் மோட்டார் சூட்டால் இம்மியளவு சூடாகும். மின் கட்டணமும் ஏறும். இது அப்பாவுக்கு மிகவும் பிடித்த விடை.

தேர்வு எழுதும் முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவம் படிக்க விரும்பிய என் பெரியம்மா மகள் நீட் தேர்வு எழுதியவர். "தெரியாத வினாவைத் தொடாதே, மதிப்பெண் போய்விடும்" என்று எனக்கு அறிவுரை கூறியிருந்தார். அதை அப்படியே பிடித்துக்கொண்டு எட்டாம் வகுப்புத் தேர்வில் ஆறு வினாக்களை வெறுமையாக விட்டு வந்தேன். தவறுக்கு மதிப்பெண் குறைப்பதே இல்லாத தேர்வு அது! என் முட்டாள்தனத்தை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு அக்காவும் நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 வினாக்கள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரிக்கு 4, தவறுக்கு ஒன்று குறையும். நூறு வினாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கில் ஒன்று என்ற கணக்கில் சராசரியாக 25 சரி. அதற்கு 100 மதிப்பெண். 75 தவறு, 75 குறையும். மிச்சம் 25. அதாவது, அக்கா பயந்த அளவுக்கு நட்டமில்லை. ஆனால் பலனும் அற்பம். நான்கில் இரண்டு விடைகள் நிச்சயம் தவறு என்று தள்ள முடிந்தால் கதையே வேறு. 50 சரி, 50 தவறு; 200-இல் 50 போக மிச்சம் 150. ஐ.ஏ.எஸ். முதல்நிலைத் தேர்வைப் போல, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் தேர்வுகளில் கண்ணை மூடிக் குறித்தால் சரியாகப் பூஜ்யம்தான் கிடைக்கும். நீங்களே போட்டுப் பாருங்கள். இவை எல்லாம் சராசரிக் கணக்கு. ஒரு நாள் தேர்வில் அதிர்ஷ்டம் எப்பக்கமும் சாயலாம். ஆகவே தேர்வறைக்குள் போகும் முன் விதிமுறைத் தாளை முழுவதும் படியுங்கள். நான் அதைப் படிக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் நாங்கள் நான்கு பேர் எட்டாம் வகுப்புத் தங்கையருக்குப் பயிற்சி கொடுக்கிறோம். பதின்மூன்று பேர் வருகிறார்கள். என் தங்கையும் அவர்களில் ஒருத்தி. இந்த ஆண்டு அவள் அந்தத் தேர்வை எழுதுகிறாள். வீட்டில் அவள் என்னிடம் கேட்பதில்லை. "அக்கா அதட்டுகிறாள்" என்று அம்மாவிடம் போய்விடுகிறாள். அம்மா அடுப்படியில் நின்றபடியே என் புது நோட்டை விரித்து வைத்துக் கேள்வி கேட்கிறார். சென்ற மாதம் தற்செயலாகப் பார்த்தேன். பழைய பழுப்பு நோட்டில் 17-ஆவது வினாவுக்கு நேரே, அதே சாய்ந்த கையெழுத்தில், "கடல் மட்டத்தில். கொடைக்கானலில் 93" என்று எழுதியிருந்தது. கோள்களின் எண்ணிக்கையும் திருத்தப்பட்டிருந்தது, இம்முறை பென்சிலால்.

நேற்று அம்மா என்னை மடக்கிவிட்டார். பாலும் பக்கத்து அடுப்பில் தண்ணீரும் காய்ந்துகொண்டிருந்தன. "இரண்டும்தான் கொதிக்கிறது. பால் மட்டும் ஏன் பொங்கி வழிகிறது? தண்ணீர் ஏன் பொங்குவதில்லை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பால் வழிந்துவிட்டது. விடையை இரவில் கண்டுபிடித்துவிட்டேன். பாலின் மேல் படியும் ஆடையையும், அடியிலிருந்து எழும் ஆவிக் குமிழ்களையும் நினைத்துப் பாருங்கள். மீதியை நான் எழுதப் போவதில்லை. எட்டாம் வகுப்புத் தங்கையர் அடுத்த வெள்ளிக்கிழமை பதிலோடு வரவும். பாலைக் காய்ச்சிப் பார்ப்பவர்கள் அடுப்படியில் பெரியவர்கள் இருக்கும்போது மட்டுமே பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லச் சொன்னார்கள்.